மெதுவாக விழுபவர்கள்

நான் பாராசூட்டில் குதித்ததில்லை. குதிக்கும் ஆசையும் இல்லை. இரண்டாவது மாடி பால்கனியில் துணி காயப்போடும்போதே கைப்பிடிச் சுவரிலிருந்து ஓரடி தள்ளி நிற்கிற ஆள் நான். இருந்தும் மூன்று வருடமாக ரிசர்வ் பாராசூட் பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் வாசித்துக்கொண்டிருக்கிறேன். குதிப்பவர் முதுகுப்பையில் இரண்டு பாராசூட்கள் இருக்கும். முதலாவது மெயின். அது சொதப்பினால் திறப்பதற்கென்று மடித்து வைத்திருக்கும் இரண்டாவதுதான் ரிசர்வ்.

இந்த ஆர்வத்துக்குக் காரணம் இரண்டு பேர். ஒருவன் வேகமாக விழுந்தான். இன்னொருவன் மெதுவாக விழுந்தான். விழும்போது இரண்டு பேரும் கூப்பிட்டது என்னைத்தான். இரண்டு முறையும் நான் தப்பாகத் திறந்தேன்.

*

2022இல் அமெரிக்காவில், ஃபீனிக்ஸ் நகரத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கிருந்து டூசான் போகிற வழியில் எலாய் என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. சுற்றிலும் பாலைவனம், வருடம் முழுக்கத் தெளிந்த வானம். அதனாலேயே உலகம் முழுவதிலிருந்தும் ஸ்கைடைவிங் செய்பவர்கள் அங்கே வந்து குவிகிறார்கள். என் அலுவலகத்தில் உடன் வேலை பார்த்த ஒரு பெண்மணியும் அவர்களில் ஒருவர். அவருடைய ரிசர்வைத் திரும்ப மடிக்கக் கொடுத்திருந்தார். ஒரு சனிக்கிழமை அதை வாங்கப் போகும்போது "சும்மா வாயேன்" என்று என்னையும் அழைத்துப் போனார்.

மெயின் பாராசூட்டை உரிமம் பெற்றவர்தான் மடிக்க வேண்டும் என்றில்லை. பெரும்பாலும் குதிப்பவரே தரையில் விரித்துப் போட்டுப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் மடித்துவிடுவார். ரிசர்வ் அப்படியில்லை. அமெரிக்காவில் உரிமம் பெற்ற ரிக்கர் மட்டுமே அதை மடிக்க முடியும். ஒருமுறைகூடத் திறக்கப்படாமல் இருந்தாலும், 180 நாளுக்கு ஒருமுறை அதைப் பிரித்து, காற்றாட விட்டு, சோதித்து, மறுபடி மடித்தாக வேண்டும்.

நாங்கள் போனபோது வேலை இன்னும் முடியவில்லை. ஒரு ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மனிதர் அவசரமே படவில்லை. துணியின் ஒவ்வொரு அறையையும் விரல்விட்டுப் பார்த்தார், கயிறுகளைப் பிரித்தார், மடித்தார், முழங்காலை வைத்து அழுத்திக் காற்றை வெளியேற்றினார். வேலை முடிந்ததும் தன் கருவிகளை எண்ணினார். மடிப்பதற்கு முன்னாலும் எண்ணியிருந்தாராம். ஏதாவது ஒன்று உள்ளே தங்கிவிட்டால் அவ்வளவுதான். கடைசியில் மூடும் ஊசியோடு ஒரு சிவப்பு நூலைக் கட்டி, அதில் சின்ன ஈய முத்திரையை வைத்து நசுக்கினார். பிறகு ஒரு அட்டையில் தேதி போட்டுக் கையெழுத்திட்டார்.

எனக்கு ஒரே ஒரு கேள்விதான் தோன்றியது. "ஆள் எந்த வேகத்துல விழுந்துட்டு இருக்காங்கன்னு இதுக்கு எப்படித் தெரியும்?"

அவர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். "தெரியாது. தெரிய வேண்டியதும் இல்ல."

திரும்பி வரும் வழியெல்லாம் அந்தப் பதில் என்னை உறுத்திக்கொண்டே வந்தது.

*

ஏன் உறுத்தியது என்று சொல்ல வேண்டுமென்றால், ரிசர்வுக்கு முன்னால் இருக்கிற சிக்கலை முதலில் சொல்ல வேண்டும்.

மெயின் பாராசூட் பலவிதமாகக் கைவிடலாம். அவற்றை இரண்டு வகையாகப் பிரித்துக்கொண்டால் நமக்குப் போதும். முதல் வகையில் மெயின் வெளியே வரவே வராது. ஆள் முழு வேகத்தில் விழுந்துகொண்டிருப்பார். வயிறு தரையைப் பார்க்க, கைகால் விரித்த நிலையில் அது மணிக்கு 200 கிலோமீட்டரை ஒட்டியிருக்கும். தலைகீழாக விழுந்தால் இன்னும் அதிகம். இரண்டாவது வகையில் மெயின் வெளியே வந்திருக்கும், ஆனால் ஒழுங்காக விரிந்திருக்காது. கயிறு முறுக்கியிருக்கலாம், முடிச்சு விழுந்திருக்கலாம், ஒருபக்கம் சுருங்கிச் சுழலலாம். ஆள் கொஞ்சம் மெதுவாகத்தான் இறங்குவார், ஆனால் அதே வேகத்தில் தரையில் மோதினால் பிழைக்க மாட்டார். அந்த நிலையில் முதலில் கெட்டுப்போன மெயினை அறுத்துவிட வேண்டும். வலப்பக்கக் கைப்பிடியை இழுத்தால் தோளில் இருக்கிற வளையங்கள் ஒன்றிலிருந்து ஒன்று கழன்று மெயின் போய்விடும். பிறகு இடப்பக்கக் கைப்பிடியை இழுத்தால் ரிசர்வ் திறக்கும்.

ஆக ஒரே துணி இரண்டு எதிரெதிர் நிலைமைகளில் வேலை செய்ய வேண்டும். காற்றின் அழுத்தம் வேகத்தின் இருமடியாக ஏறும். 50 கிலோமீட்டர் வேகத்தோடு ஒப்பிட்டால் 200 கிலோமீட்டரில் வேகம் நான்கு மடங்கு, அழுத்தம் பதினாறு மடங்கு. வேகமாக விழுபவருக்கு ரிசர்வ் படாரென்று திறந்தால் துணி கிழியலாம், கயிறு அறுந்துபோகலாம், துணி தாங்கினாலும் உடம்பு தாங்காமல் போகலாம். காப்பாற்ற வந்ததே கழுத்தை முறித்துவிடும். அதற்குப் பயந்து எல்லாவற்றையும் நிதானமாக அமைத்தால், மெதுவாக விழுபவருக்கு அது திறந்து முடிப்பதற்குள் தரை வந்துவிடும். அவரிடம் வேகம் குறைவு, ஆனால் உயரமும் குறைவு.

இதற்கெல்லாம் அந்தத் துணிக்குக் கிடைக்கிற அவகாசம் மூன்று வினாடி. அதற்குள் முழுதாகத் திறந்திருக்க வேண்டும் என்பதுதான் பொதுவான தர விதி. அனுமதிக்கப்பட்டதைவிட அதிக எடையிலும் அதிக வேகத்திலும் பொம்மையைக் கட்டித் தள்ளிச் சோதிப்பார்கள். கயிறுகளை வேண்டுமென்றே முறுக்கி மடித்து, அப்போதும் திறக்கிறதா என்று பார்ப்பார்கள்.

எந்த வேகம் என்று தெரியாத ஒன்று எல்லா வேகத்துக்கும் சரியாக நடந்துகொள்ள வேண்டும். இது எனக்கு வெறும் பொறியியல் கேள்வியாகப் படவில்லை. நான் இரண்டு முறை தோற்ற பரீட்சையின் கேள்வித்தாள் மாதிரி இருந்தது.

*

முதலில் வேகமான வீழ்ச்சியைச் சொல்கிறேன்.

டொமினா ஜால்பெர்ட் என்பவர் 1960களில் காற்று புகுந்து உப்பும் அறைகளைக் கொண்ட சிறகு வடிவப் பாராசூட்டை உருவாக்கினார். இன்று ஸ்கைடைவிங்கில் மெயினும் ரிசர்வும் பெரும்பாலும் அந்த வடிவம்தான். ஆரம்பத்தில் அதற்கு ஒரு பெரிய தொல்லை இருந்தது. அது திறக்கும்போது ஏற்படுகிற அதிர்ச்சி மிகக் கொடூரமாக இருந்தது. கயிறும் வளையமும் கோத்துப் பார்த்தார்கள், ஹைட்ராலிக் ஏற்பாடுகூட செய்து பார்த்தார்கள். கடைசியில் நிலைத்தது ஸ்லைடர் என்ற மிக எளிய ஒரு பொருள்.

ஸ்லைடர் ஒரு செவ்வகத் துணி, அவ்வளவுதான். நான்கு மூலைகளிலும் ஒவ்வொரு உலோக வளையம். பாராசூட்டின் கயிறுகள் நான்கு கொத்தாகப் பிரிந்து அந்த வளையங்கள் வழியாகக் கீழே வரும். மடிக்கும்போது ஸ்லைடரை மேலே தள்ளி, துணியின் அடிவயிற்றை ஒட்டி வைத்துவிடுவார்கள். திறக்கும்போது மேலே இருக்கும் துணி விரியப் பார்க்கும், விரிய விரியக் கயிறுகள் அகன்று ஸ்லைடரைக் கீழே தள்ளும். அதே நேரம் கீழேயிருந்து வரும் காற்று ஸ்லைடரை மேலே தள்ளும். இந்த இழுபறிதான் திறப்பின் நிதானம்.

ஆள் வேகமாக விழுந்தால் ஸ்லைடர்மேல் மோதும் காற்றும் வலுவாக இருக்கும். அது கீழே இறங்க மறுத்துத் துணியைக் கட்டிப்பிடித்து வைக்கும். பாதி விரிந்த துணி கொஞ்சம் வேகத்தைத் தின்னும். வேகம் குறைந்தால் காற்றும் குறையும், அப்போது ஸ்லைடர் கொஞ்சம் இறங்கும், துணி இன்னும் விரியும். ஆள் மெதுவாக விழுந்தாலோ தடுப்பதற்குக் காற்று பெரிதாக இருக்காது, ஸ்லைடர் லேசாக வழுக்கி இறங்கிவிடும். ஸ்லைடருக்குள் வேகமானி கிடையாது, பேட்டரி கிடையாது. எவ்வளவு தடுக்க வேண்டும் என்பதை விழுபவரின் காற்றே அதற்குச் சொல்லிக்கொடுக்கிறது.

"தெரிய வேண்டியதும் இல்ல" என்று அந்த ரிக்கர் சொன்னதன் அர்த்தம் இதுதான்.

இதை வாசித்த அன்று எனக்குச் சித்தி மகன் ஞாபகம் வந்தது. என்னைவிட எட்டு வயது சின்னவன். 2017இல் ஒருநாள் ராத்திரி போன் செய்தான். பேச ஆரம்பிக்கும்போதே அழுகை. சித்தப்பா ஓய்வுபெற்றபோது வந்த பணத்தில் பாதியைப் பங்குச்சந்தையில் போட்டு விட்டிருந்தான். வீட்டில் யாருக்கும் தெரியாது. இரண்டு மாதத்தில் அவனுக்குக் கல்யாணம். "அண்ணே, என்ன பண்றதுன்னே தெரியல. உன்கிட்டதான் சொல்லணும்னு தோணுச்சு."

நான் திறந்தேன். எப்படித் திறந்தேன் என்று சொன்னால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. ஒரு மணி நேரத்துக்குள் எங்கள் அப்பாவுக்குப் போன் போட்டேன். அப்பா சித்தப்பாவுக்குப் போட்டார். என் கையிருப்பிலிருந்து ஒரு தொகையை அவன் கணக்கில் போட்டேன். வங்கியில் வேலை பார்த்த மாமாவை எழுப்பிக் கடன் விவரம் கேட்டேன். அவனுடைய நண்பன் ஒருவனிடம் "அவனைத் தனியா விடாதே" என்றேன். விடிவதற்குள் எங்கள் சொந்தத்தில் பாதிப் பேருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. மூன்றாவது நாள் பெண் வீட்டுக்கும் தெரிந்தது. கல்யாணம் நின்றது.

இரண்டு வருடம் அவன் என்னோடு பேசவில்லை. பிறகு ஒரு துக்க வீட்டில் பார்த்தபோது சொன்னான்: "அண்ணே, நான் உன்கிட்ட சொன்னேன். ஊருக்குச் சொல்லச் சொல்லலையே."

நான் கெட்ட எண்ணத்தில் எதுவும் செய்யவில்லை. செய்த ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் நியாயம் இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்ததுதான் பிழை. அவன் வேகத்தைப் பார்த்து எனக்குப் பயம் வந்தது. அந்தப் பயத்தின் முழு பலத்தோடு திறந்தேன். அவன் வேகம் கொஞ்சம் குறையட்டும் என்று பிடித்து வைக்க என்னிடம் எதுவுமே இல்லை. அன்று ராத்திரி அவனுக்கு வேண்டியிருந்தது, அழுது முடிக்கும்வரை லைனில் ஒரு ஆள். காலையில் ஒரு யோசனை. அடுத்த வாரம் ஒரு தொகை. அப்பாவிடம் சொல்லும்போது பக்கத்தில் நிற்க ஒருவன். எல்லாம் தேவைதான், ஆனால் ஒன்றன்பின் ஒன்றாக, அவன் தாங்கும் கணக்கில்.

*

இப்போது மெதுவாக விழுந்தவன்.

கல்லூரி விடுதியில் என் அறைத்தோழன். மூன்று வருடம் ஒரே அறை. படிப்பு முடிந்து நான் வெளிநாடு வந்தேன், அவன் ஊரிலேயே ஒரு வேலையில் சேர்ந்தான். மாதத்துக்கு ஒருமுறை பேசுவோம். ஒரு கட்டத்தில் அவன் அடிக்கடி கூப்பிட ஆரம்பித்தான். எனக்கு வேலைநேரம், அவனுக்கு நள்ளிரவு. "என்னடா மச்சி?" என்றால் "ஒண்ணுமில்லடா, சும்மாதான்" என்பான். குரலில் பதற்றம் எதுவும் இருக்காது. பழைய கதை ஏதாவது பேசுவான். வேலையை விட்டுவிட்டதாக ஒருமுறை போகிற போக்கில் சொன்னான். "கொஞ்சம் குடிக்கிறேன்டா" என்று ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னான். நானும் சிரித்தேன். "வீக்கெண்ட் பேசுவோம்டா" என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று எண்ணிப் பார்க்கத் தைரியமில்லை.

அப்படியே ஒன்றரை வருடம் போனது. 2019இல் வகுப்பு நண்பர்கள் குழுவில் அவன் புகைப்படம் வந்தது, கீழே பிறந்த வருடமும் இறந்த வருடமும். கல்லீரல். வயது முப்பத்து மூன்று.

இவனைப் பற்றி யோசிக்கும்போதுதான் பாராசூட் உலகத்தின் இன்னொரு விஷயம் என்னை உலுக்கியது.

ஸ்கைடைவிங் செய்பவர்கள் பெரும்பாலானோர் முதுகுப்பைக்குள் ஒரு தானியங்கிக் கருவியையும் வைத்திருக்கிறார்கள். ஜெர்மானியரான ஹெல்முட் க்ளோத் உருவாக்கிய சைப்ரஸ் என்ற கருவி 1991இல் சந்தைக்கு வந்தது. இன்றும் அதுதான் மிகப் பிரபலம். ஆள் மயங்கிவிட்டாலோ, குழம்பிக் கைப்பிடியை இழுக்க மறந்துவிட்டாலோ, இது தானாகவே ரிசர்வை மூடியிருக்கும் நூலை வெட்டிவிடும். எத்தனையோ பேர் இதனால் உயிரோடு இருக்கிறார்கள். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. அனுபவசாலிகளுக்கான மாதிரியில், தரையிலிருந்து சுமார் 225 மீட்டர் உயரத்தில், ஆள் வினாடிக்கு 35 மீட்டருக்கு மேலான வேகத்தில் விழுந்துகொண்டிருந்தால்தான் அது வெட்டும். மணிக்கணக்கில் சொன்னால் சுமார் 126 கிலோமீட்டர். அதைவிட மெதுவாக விழுந்தால் "மேலே பாராசூட் திறந்திருக்கிறது, எல்லாம் நலம்" என்றுதான் அது எடுத்துக்கொள்ளும்.

பாதி விரிந்த, முறுக்கிய மெயினுக்குக் கீழே, கொல்லப் போதுமான, ஆனால் 126ஐத் தொடாத வேகத்தில் ஒருவர் இறங்கிக்கொண்டிருந்தால் அந்தக் கருவி மௌனமாகவே இருக்கும்.

அதைவிடப் பெரிய ஆபத்து விழுபவரின் மனத்திலேயே இருக்கிறது. மேலே ஒன்றுமே இல்லாதவர் தயங்க மாட்டார், உடனே ரிசர்வை இழுப்பார். மேலே ஏதோ ஒரு துணி படபடத்துக்கொண்டிருப்பவர்தான் "இன்னும் கொஞ்சம் ஆட்டிப் பார்ப்போம், முறுக்கு அவிழ்ந்துவிடும்" என்று போராடிக்கொண்டே இருப்பார். ஒவ்வொரு வினாடியும் உயரம் கரையும். அதனால்தான் முடிவெடுக்க ஒரு உயரத்தைக் குறித்துப் பயிற்சியிலேயே மண்டையில் ஏற்றிவிடுகிறார்கள். அமெரிக்கச் சங்கத்தின் பரிந்துரைப்படி அனுபவசாலிகளுக்கு அது 1,800 அடி. அதற்குமேல் ஆராய்ச்சி கிடையாது. சரியாகவில்லையா, அறுத்துவிட்டு ரிசர்வைத் திற.

என் நண்பன் 126க்குக் கீழே விழுந்துகொண்டிருந்தான். என் கருவி எழவே இல்லை. அவன் எவ்வளவு உயரத்தில் இருக்கிறான் என்று நான் கேட்கவும் இல்லை. வேலை போய் எத்தனை மாதம், வீட்டில் யார் இருக்கிறார்கள், எத்தனை நாளாகக் குடிக்கிறான் என்ற மூன்று கேள்விகள் போதும், தரை எவ்வளவு பக்கத்தில் இருந்தது என்று தெரிந்திருக்கும். குரலின் வேகத்தை மட்டும் கேட்டேன். குரல் நிதானமாக இருந்தது.

இந்த இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்குப் புரிந்தது இதுதான். நான் சரியாகத் தலைகீழாகச் செய்திருக்கிறேன். அலறி விழுந்தவனிடம் மொத்தமாகத் திறந்தேன், அவனிடம்தான் நிதானம் வேண்டியிருந்தது. சத்தமில்லாமல் விழுந்தவனிடம் நிதானமாக இருந்தேன், அவனிடம்தான் உடனே திறந்திருக்க வேண்டும். நான் மட்டும் இப்படியில்லை என்று நினைக்கிறேன். நம்மில் பெரும்பாலோரின் எச்சரிக்கை மணி வேகத்துக்கு மட்டும்தான் அடிக்கிறது. உயரத்தை அது பார்ப்பதில்லை.

*

மெதுவாக விழுபவருக்காக ரிசர்வில் என்னவெல்லாம் செய்திருக்கிறார்கள் என்று தேடிப்போனேன். ஸ்லைடர் வழிவிடுகிறது, சரி. ஆனால் அதற்கு முன்னால் அந்தத் துணி பைக்குள்ளிருந்து வெளியே வர வேண்டுமே. அதை இழுக்கக் காற்று போதாதே.

முதல் ஏற்பாடு ஒரு ஸ்பிரிங். ரிசர்வை வெளியே இழுக்கும் குட்டிப் பாராசூட்டுக்குள் சுருள்கம்பி ஒன்றை அமுக்கி வைத்திருப்பார்கள். மூடி திறந்ததும் அது காற்றை எதிர்பார்க்காமல் தானே துள்ளி வெளியே பாயும். காற்று கிடைக்கும் இடம்வரை போய்ச் சேர்வது அதன் பொறுப்பு. இரண்டாவது ஏற்பாடு, அந்தக் குட்டிப் பாராசூட்டையும் ரிசர்வ் பையையும் இணைக்கும் பட்டை. அதை வேண்டுமென்றே அகலமாக வைத்திருக்கிறார்கள். குட்டிப் பாராசூட் எங்காவது சிக்கிக்கொண்டாலும், அந்தப் பட்டைமேல் படும் காற்றே பையை இழுத்துவிடக்கூடும். பையும் துணியோடு தைக்கப்பட்டிருக்காது, வேலை முடிந்ததும் தனியே பறந்துபோய்விடும். சிக்கிய ஒன்று மற்றதையும் சேர்த்து மூழ்கடிக்கக் கூடாது என்பதுதான் காரணம்.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. பில் பூத் என்பவர் பாராசூட் உலகத்தின் பெரிய கண்டுபிடிப்பாளர்களில் ஒருவர். மெயினை அறுத்துவிட உதவும் அந்த மூன்று வளைய ஏற்பாடும் அவருடையதுதான். அவர் உருவாக்கிய இன்னொன்று ஸ்கைஹுக். கெட்டுப்போன மெயினை அறுத்துவிட்டால் அது மேலே விலகிப் போகும் அல்லவா? போகிற போக்கில் அதையே கொக்கிபோல் பயன்படுத்தி ரிசர்வை வெளியே இழுத்துக்கொள்கிறது ஸ்கைஹுக். குட்டிப் பாராசூட்டைவிட மெயின் பல மடங்கு பெரியது. மெதுவான வேகத்திலும் அதன் இழுப்பு பலமாக இருக்கும். கைவிட்ட அதே துணிதான் கடைசியாக ஒரு உதவி செய்துவிட்டுப் போகிறது. மெயின் வெளியே வரவே இல்லையென்றால் ஸ்கைஹுக் கழன்றுகொள்ளும், ஸ்பிரிங் தன் வேலையைப் பார்க்கும்.

அவன் காற்றை வைத்து மட்டும் நான் திறந்திருக்க முடியாது. அவனிடம் காற்றே இல்லை. நான்தான் துள்ளிப் போயிருக்க வேண்டும். "சும்மாதான்" என்றவனிடம் "சும்மா இல்ல, சொல்லு" என்று கேட்கிற ஸ்பிரிங் என்னிடம் இருந்திருக்க வேண்டும்.

*

இதையெல்லாம் ஒரு நண்பரிடம் சொன்னபோது அவர் ஒரு எதிர்க்கேள்வி கேட்டார். "சரி, ஒவ்வொருத்தருக்கும் நீ ரிசர்வா நின்னா, அவங்க மெயினை ஒழுங்கா மடிப்பாங்களா? உன் சித்தி பையன் மறுபடி போய் டிரேடிங் பண்ண மாட்டானா?"

நியாயமான கேள்வி, பழைய கேள்வியும்கூட. முதல் உலகப்போரில் பலூனிலிருந்து வேவு பார்த்த பிரிட்டிஷ் வீரர்களுக்குப் பாராசூட் இருந்தது. விமானிகளுக்குக் கொடுக்கவில்லை. 1918இல் ஜெர்மன் விமானிகள் பாராசூட்டோடு பறக்க ஆரம்பித்த பிறகும் இவர்களிடம் இல்லை. கனம், இடம், நம்பகம் என்று காரணங்கள் இருந்தன. கூடவே, தப்பிக்க வழி கொடுத்தால் விமானத்தைக் காப்பாற்றப் போராட மாட்டார்கள் என்ற எண்ணமும் மேலிடத்தில் இருந்ததாக அடிக்கடி சொல்லப்படுகிறது. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கப் பாராசூட் படையினர் நெஞ்சில் ரிசர்வைக் கட்டிக்கொண்டு குதித்தார்கள். பிரிட்டிஷ் படையினர் ரிசர்வ் இல்லாமலே குதித்தார்கள்.

பில் பூத்தின் பெயரிலேயே ஒரு விதி உண்டு: கருவிகள் எவ்வளவு பாதுகாப்பாகின்றனவோ, குதிப்பவர்கள் அதற்கு ஏற்ற அளவு கூடுதல் ஆபத்தைத் தேடிப் போய்ச் சாவு எண்ணிக்கையைச் சமன் செய்துவிடுவார்கள் என்பது அதன் சாரம். இது வெறும் கிண்டல் இல்லை. தானியங்கிக் கருவிகள் வந்தபின் பாராசூட்டை இழுக்காமலே இறப்பது வெகுவாகக் குறைந்தது. ஆனால் ஒழுங்காகத் திறந்த, சின்ன, அதிவேகப் பாராசூட்டில் தரையை ஒட்டிச் சாகசத் திருப்பம் போட்டு இறப்பவர்கள் பெருகினார்கள்.

ஆகவே அந்த நண்பர் சொல்வதைப் பொய் என்று தள்ள மாட்டேன். ஆனால் ஒன்றைக் கவனிக்கிறேன். இந்த விதியை வகுத்த மனிதரே அதற்குப் பிறகு "அப்படியானால் ரிசர்வ் வேண்டாம்" என்று உட்கார்ந்துவிடவில்லை. இன்னும் நன்றாகத் திறக்கும் ரிசர்வைச் செய்யப் போனார். மனிதர்கள் எப்படி நடந்துகொள்வார்கள் என்பது ஒரு கணிப்பு. விழுபவருக்கு நான் என்ன கடன்பட்டிருக்கிறேன் என்பது வேறு கேள்வி. மெயினை நீ அலட்சியமாக மடித்தாயா, காற்றின் குற்றமா, போன தடவையும் இப்படித்தானா என்று ரிசர்வ் கேட்பதில்லை. அந்த விசாரணைகள் எல்லாம் தரையில் நடக்க வேண்டியவை. நடக்கவும் செய்கின்றன, கறாராகவே. வானத்தில் நடப்பதில்லை.

ஒப்புமையை இதற்குமேல் இழுக்கக் கூடாது என்றும் தெரியும். பாராசூட்டுக்குக் களைப்பு வராது, அதற்கு வேலைநேரம் கிடையாது, அதற்கே ஒரு ரிசர்வ் தேவைப்படாது. மனிதன் எல்லாருக்கும் எல்லா நேரமும் ரிசர்வாக இருக்க முடியாது. ரிசர்வும் அப்படி இருப்பதில்லை. அது ஒருவர் முதுகில் மட்டும்தான் இருக்கிறது.

*

அந்த ரிக்கர் கையெழுத்திட்ட அட்டையை என் அலுவலகத் தோழி அன்று காரில் காட்டினார். பதினோரு வருடக் கணக்கு. தேதி, கையெழுத்து, தேதி, கையெழுத்து. "இதுல எத்தனை தடவை நிஜமா திறந்தீங்க?" என்றேன். "ஒரு தடவை" என்றார். மற்ற மடிப்புகள் அத்தனையும் யாருக்கும் பயன்படாமல் ஆறு மாதம் காத்திருந்து, பிரித்து மறுபடி மடிக்கப்பட்டவை. அவை வீணா என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. அந்த ஒரு தடவை எதுவாக இருக்கும் என்று முன்கூட்டித் தெரிந்திருந்தால் அது மட்டும் போதுமாக இருந்திருக்கும்.

இப்போது என்னிடம் ஒரு சின்ன நோட்டு இருக்கிறது. ஏழு பேர் பெயர் மட்டும். பெயருக்கு எதிரே தேதிகள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்று இல்லை, அதைவிட அடிக்கடி கூப்பிடுகிறேன். இப்படிக் கணக்கு வைத்துக்கொண்டு நட்பு பாராட்டுவது அசட்டுத்தனம் என்று என் மனைவி சொல்கிறாள். இருக்கலாம். பெரும்பாலும் அந்தப் பேச்சுகளில் ஒன்றுமே இருக்காது. வெயில், டிராஃபிக், யார் வீட்டில் விசேஷம். யாரும் விழுந்துகொண்டிருக்க மாட்டார்கள். ஆனால் ஒருவர் வழக்கமாக எப்படிப் பேசுவார் என்று தெரிந்தால்தானே, ஒருநாள் உயரம் குறையும்போது காதில் விழும்?

சித்தி மகனும் அந்த ஏழில் ஒருவன். போன மாதம் அவனே கூப்பிட்டான். மறுபடியும் பணப் பிரச்சினைதான், இந்த முறை அவன் தப்பு இல்லை. குரல் நடுங்கியது. என் கை பழையபடி பரபரத்தது, அப்பா நம்பரைத் தேடியது. பிடித்து வைத்துக்கொண்டேன். "சொல்லுடா, கேட்டுட்டுதான் இருக்கேன்" என்றேன். நாற்பது நிமிடம் பேசினான். கடைசியில் "யார்கிட்டயும் சொல்லட்டுமா, வேண்டாமா?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, "அக்காகிட்ட மட்டும் சொல்லுண்ணே" என்றான்.

நோட்டில் மற்றொருவன் இருக்கிறான், பழைய வகுப்புத் தோழன். நேற்று அவனைக் கூப்பிட்டேன். எடுத்ததும் ஆச்சரியப்பட்டான். "என்னடா, இந்த நேரத்துல? ஏதாவது பிரச்சினையா?"

"ஒண்ணுமில்லடா," என்றேன், "சும்மாதான்."